மழையும் மட்கார்டும்

– மேல்நிலை முதலாண்டு, அறிவியல் பிரிவு மாணவியர்

ஐப்பசியில் அடைமழை, கார்த்திகையில் கனமழை என்பது நம் முன்னோர் வாக்கு. வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால், காலையில் பள்ளிக்குச் சைக்கிளில் வந்து சேரும் நம் தோழியர் சிலருடைய வெள்ளைச் சீருடையின் முதுகில் சேற்றுக் கோடு ஒன்றைக் காணலாம். இடுப்பிலிருந்து கழுத்துவரை, அளவுகோல் வைத்து வரைந்ததுபோல் அது நேராக ஏறியிருக்கும். இக்கோட்டுக்கு உரியவர்கள் பெரும்பாலும் 'மவுண்டன் பைக்' எனப்படும் மலைச் சைக்கிளில் வருகிறவர்களே. தடித்த டயரும் கியரும் கொண்ட இச்சைக்கிள்கள் பல, மட்கார்டு இல்லாமலே கடையில் விற்கப்படுகின்றன.

சேறு பட்டதும் வீட்டில் மட்கார்டு ஒன்றை வாங்கி மாட்டுகிறார்கள். ஒரு திங்கள் செல்லும். அது 'கடகட' என்று ஒலிக்கத் தொடங்கும். இன்னும் சில நாளில் ஒருபக்கம் சாய்ந்து டயரை உரசும். பிறகு அதனைச் சணலாலும் பழைய ரிப்பனாலும் கட்டி வைப்போம். இங்கேதான் ஆபத்து தொடங்குகிறது. மட்கார்டு இல்லாத சைக்கிள் சீருடையை மட்டுமே கெடுக்கும். தளர்ந்த மட்கார்டு உள்ள சைக்கிளோ ஓட்டுகிறவரையே கீழே தள்ளிவிடும். ஆகவே மலைச் சைக்கிளின் பின்மட்கார்டை எவ்வாறு உறுதியாகப் பொருத்துவது, அது ஏன் தளர்கிறது என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

சேறு முதுகுக்கு ஏறுவது எப்படி?

சாலையில் கிடக்கும் சேறு முதுகுவரை ஏறுவது எவ்வாறு? சக்கரம் முன்னோக்கி உருளும்போது அதன் அடிப்பகுதி தரையைத் தொட்டு நீரை ஒட்டிக்கொள்கிறது. அந்தப் பகுதி பின்புறமாக மேலே எழுகிறது. உச்சிக்கு வந்ததும் முன்னோக்கிச் செல்கிறது. டயரில் ஒட்டிய நீர்த்துளி எந்த இடத்தில் பிடி விடுகிறதோ, அந்த இடத்தில் வட்டத்துக்கு வரைந்த தொடுகோட்டின் வழியே பறக்கிறது. கயிற்றில் கட்டிச் சுழற்றிய கல், கயிறு அறுந்தால் நேர்கோட்டில் பாய்கிறதல்லவா? அதே கதைதான்.

மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறோம் என்று கொள்வோம். அது நொடிக்கு ஏறத்தாழ 4.2 மீட்டர். சக்கரத்தின் பின்விளிம்பில், அச்சின் உயரத்தில் பிடி விடும் துளி இதே வேகத்தில் மேல்நோக்கிக் கிளம்புகிறது. வேகத்தின் வர்க்கத்தைப் புவியீர்ப்பு முடுக்கத்தின் இருமடங்கால் வகுத்தால் அது எட்டும் உயரம் கிடைக்கும். கணக்கிட்டால் 0.9 மீட்டர்! காற்றின் தடையால் சற்றுக் குறையலாம். அச்சே தரையிலிருந்து மூன்றில் ஒரு மீட்டர் உயரத்தில் இருப்பதால், துளி நம் முதுகின் உயரத்தை எளிதில் எட்டிவிடும். அச்சுக்குச் சற்று மேலே பிடி விடும் துளிகள் எழும்புவதோடு முன்னோக்கியும் வருகின்றன. இவையே சீருடையில் கோடு கிழிப்பவை. வேகம் இருமடங்கானால் உயரம் நான்கு மடங்காகும் என்பதையும் கவனிக்க.

அச்சுக்குக் கீழே பிடி விடும் துளிகளோ பின்னோக்கிப் பறந்து, நமக்குப் பின்னால் வரும் தோழியின் முகத்தில் தெறிக்கும். எனவே நம் முதுகைக் காக்க மட்கார்டு பின்புறத்தில் அச்சின் மட்டம்வரை இறங்கினால் போதும். பின்னால் வருகிறவரையும் காக்க வேண்டுமானால் அதற்கும் கீழே இறங்க வேண்டும். முனையில் ரப்பர்த் தகடு ஒன்று தொங்கினால் மிகவும் நன்று.

மட்கார்டு இல்லாமல் பிறந்த சைக்கிள்

நம் தாத்தாமார் ஓட்டிய கறுப்புச் சைக்கிளுக்கு இரும்பு மட்கார்டு உடன்பிறந்தது. மலைச் சைக்கிளுக்கு அது ஏன் இல்லை? அதன் பிறப்பிடத்தை அறிந்தால் காரணம் விளங்கும். அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தின் மாரின் மாவட்டத்தில், 1970களில் இளைஞர் சிலர் தடித்த டயர் கொண்ட பழைய சைக்கிள்களில் மலைச்சரிவுகளில் இறங்கி விளையாடினர். 1976-ஆம் ஆண்டு அங்கே 'ரீபேக்' என்னும் பந்தயம் தொடங்கியது. ஒருமுறை இறங்கி முடிப்பதற்குள் பின்சக்கரப் பிரேக்கின் உள்ளேயிருக்கும் கிரீஸ் சூட்டினால் உருகிப் புகைந்துவிடும். மீண்டும் கிரீஸ் அடைக்க வேண்டும். 'மீண்டும் அடைத்தல்' என்பதே அப்பெயரின் பொருள். 1977-இல் ஜோ பிரீஸ் என்பவர் இவ்விளையாட்டுக்கென்றே புதிய சட்டம் செய்தார். 1981-இல் 'ஸ்டம்ப்ஜம்பர்' என்னும் மலைச் சைக்கிள் தொழிற்சாலையில் பெருமளவில் தயாராகி விற்பனைக்கு வந்தது.

கல்லும் முள்ளும் களிமண்ணும் நிறைந்த சரிவில் மட்கார்டு ஓர் இடையூறு. டயருக்கும் அதற்கும் நடுவே சேறு அடைத்துச் சக்கரத்தையே நிறுத்திவிடும். ஆதலால் அதனை விட்டுவிட்டார்கள். நாமோ அச்சைக்கிளைத் தார்ச்சாலையில், பள்ளிப் பையோடு, வெள்ளைச் சீருடையில் ஓட்டுகிறோம். இடம் மாறியது, தேவையும் மாறியது. ஆனால் சைக்கிளின் சட்டம் மாறவில்லை. மட்கார்டு மாட்டுவதற்கான துளைகள் சில சட்டங்களில் இருக்கும், சிலவற்றில் இரா. இதுவே பொருத்துவதில் உள்ள சிக்கலுக்கெல்லாம் வேர்.

இரண்டு வகை

கடையில் கிடைக்கும் பின்மட்கார்டுகள் இருவகைப்படும். முதல் வகை, சக்கரத்தை நெருங்கி வளைந்து, இருபுறமும் கம்பிகள் கொண்ட முழுநீள மட்கார்டு. இரண்டாம் வகை, சீட்டுக் கம்பத்தில் ஒரு பட்டையால் இறுக்கி, சக்கரத்துக்கு மேலே வால்போல் நீட்டிக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக் மட்கார்டு.

இரண்டாம் வகை மாட்டுவதற்கு எளிது, தளர்வதற்கும் எளிது. ஏனெனில் அதற்குப் பிடி ஒன்றே. நெம்புகோல் தத்துவத்தை நாம் படித்திருக்கிறோம். பிடியிலிருந்து அரை மீட்டர் தள்ளி இருக்கும் முனை குலுங்கும்போது, சிறு விசையும் பிடியின் இடத்தில் பெரிய திருப்பமாக மாறுகிறது. ஒவ்வொரு பள்ளத்திலும் இது நிகழ்வதால் பட்டை சற்றே நழுவ, வால் ஒருபக்கம் திரும்பிவிடுகிறது. இவ்வகையை வைத்திருப்போர் பட்டைக்கும் கம்பத்துக்கும் நடுவே பழைய டியூப் துண்டு ஒன்றைச் சுற்றி இறுக்க வேண்டும். ரப்பர் வழுக்காமல் பிடித்துக்கொள்ளும். பின்பக்கம் கேரியர் இருந்தால் மட்கார்டின் நடுப்பகுதியை அதனோடும் இணைத்துவிட்டால் பிடி இரண்டாகும்.

பின்சக்கரத்துக்கும் ஸ்பிரிங் வைத்த சைக்கிளானால் இவ்வகையே ஏற்றது. அதில் சக்கரம் சட்டத்தைவிட்டு மேலும் கீழும் நகர்வதால், சட்டத்துக்கும் அச்சுக்கும் இடையே கம்பி கட்டினால் அது வளையும் அல்லது முறியும். ஆனால் பள்ளத்தில் சக்கரம் முழுதும் மேலே எழும்போது மட்கார்டைத் தொடாதபடி இடைவெளி மிகுதியாக விட வேண்டும்.

மூன்று இடப் பிடி

உறுதியானது முதல் வகையே. அதன் உறுதிக்குக் காரணம் மூன்று இடங்களில் சட்டத்தைப் பற்றுவது. பெடல் அச்சுக்குப் பின்னால், கீழ்க்குழாய்கள் இரண்டையும் இணைக்கும் குறுக்குத்துண்டு ஓர் இடம். சீட்டுக்குக் கீழே, சக்கரத்துக்கு மேலே உள்ள சிறு பாலம் மற்றோர் இடம். பின்அச்சின் அருகே இடமும் வலமும் உள்ள துளைகளில் கம்பிகள் வந்து சேர்வது மூன்றாம் இடம்.

நான்கு குச்சிகளை ஆணியடித்துச் சதுரம் செய்து ஒரு மூலையைத் தள்ளினால் அது சாய்ந்துவிடும். மூன்று குச்சிகளால் முக்கோணம் செய்தால் எவ்வளவு தள்ளினாலும் உருமாறாது. மின்கோபுரங்களில் முக்கோணம் முக்கோணமாகக் கம்பிகள் இருப்பதும் இதனால்தான். மட்கார்டிலும் இதுவே நிகழ்கிறது. பின்னாலிருந்து பார்த்தால், இருபுறக் கம்பிகளும் அச்சின் அகலமும் சேர்ந்து ஒரு முக்கோணம். அது பக்கவாட்டில் ஆடவிடாது. பக்கத்திலிருந்து பார்த்தால், சட்டமும் கம்பியும் மட்கார்டும் சேர்ந்து இன்னொரு முக்கோணம். அது மேலும் கீழும் துள்ளவிடாது. மூன்றில் ஒரு பிடி போனாலும் முக்கோணம் போயிற்று, உறுதியும் போயிற்று.

பொருத்தும் முறை

முதலில் அளவு. டயரின் பக்கத்தில் '26 x 1.95' என்றோ '27.5 x 2.10' என்றோ அச்சிட்டிருக்கும். முதல் எண் சக்கரத்தின் அளவு, இரண்டாம் எண் டயரின் அகலம், இரண்டும் அங்குலத்தில். 1.95 அங்குலம் ஏறத்தாழ 50 மில்லிமீட்டர். மட்கார்டு இருபுறமும் 5 மில்லிமீட்டராவது அகன்றிருக்க வேண்டும். ஆகவே இந்த டயருக்கு 60 மில்லிமீட்டர் அகலமுள்ள மட்கார்டு பொருந்தும்.

அடுத்துக் கருவிகள். பெரும்பாலான சட்டங்களில் அச்சருகே உள்ள துளை 5 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு உரியது. அதற்கு 4 மில்லிமீட்டர் ஆலன் சாவியும், நட்டுக்கு 8 மில்லிமீட்டர் ஸ்பானரும் வேண்டும். சிறிது கிரீஸும் பழைய துணியும் இருந்தால் போதும்.

மட்கார்டைச் சக்கரத்தின்மேல் வைத்து, மூன்று பிடிகளையும் விரலால் மட்டும் தளர்வாகப் பூட்டுக. ஒன்றை முழுதும் இறுக்கிவிட்டு மற்றொன்றுக்கு இழுத்துப் பொருத்தக் கூடாது. இழுவிசையோடு பூட்டிய தகடு, குலுங்கக் குலுங்கத் துளையருகே விரிசல் விடும். எட்டாத இடத்தில் வாஷர் வைத்து எட்டச் செய்க.

பிறகு சக்கரத்தை மெல்லச் சுற்றி, டயருக்கும் மட்கார்டுக்கும் உள்ள இடைவெளியைப் பார்க்க. எல்லா இடத்திலும் ஒரே சீராக ஒன்றரை சென்டிமீட்டர் அளவாவது இருப்பது நலம். கரிசல் மண் வழியாக வருகிறவர்களுக்கு இது போதாது. ஈரக் கரிசல் டயரில் அப்பிக்கொண்டே வரும். அவர்கள் இன்னும் மிகுதியாக இடம் விட வேண்டும். இயலாவிட்டால் மழைநாளில் அந்த வழியை விடுத்துத் தார்ச்சாலையில் வருவதே அறிவுடைமை.

இடைவெளி சரியானதும் பாலத்தின் பிடி, கீழ்க்குறுக்குத் துண்டின் பிடி, கம்பிகள் என்ற வரிசையில் இறுக்குக. அலுமினியச் சட்டமானால் அளவுக்கு மீறி இறுக்கக் கூடாது. துளையின் மரை தேய்ந்துவிட்டால் பிறகு எந்தப் போல்ட்டும் நில்லாது. போல்ட்டை முதல் நான்கு சுற்றும் விரலாலே செலுத்தினால் மரை மாறி ஏறாது. போல்ட்டில் சிறிது கிரீஸ் தடவினால் மழையில் துருவேறி ஒட்டிக்கொள்ளாது.

இங்கே நான்கு எச்சரிக்கைகளை மனத்தில் இருத்துவோம்.

ஒன்று, செயின் உள்ள வலப்புறத்தில் போல்ட்டின் முனை உட்பக்கம் நீண்டிருக்கக் கூடாது. செயின் மிகச்சிறிய பல்சக்கரத்துக்கு வரும்போது அதில் சிக்கிக்கொள்ளும். கியரை அந்தப் பல்லுக்கு மாற்றிப் பெடலைக் கையால் சுற்றிப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

இரண்டு, இடப்புறத்தில் டிஸ்க் பிரேக் இருந்தால் கம்பி அதன்மீது மோதலாம். நீண்ட போல்ட்டும் நடுவே சிறு குழாய்த் துண்டும் இட்டுக் கம்பியை வெளியே தள்ளிப் பூட்டலாம். பிரேக்கின் போல்ட்டைக் கழற்றி அதில் கம்பியை மாட்டவே கூடாது. பிரேக் வயரோடு சேர்த்துக் கட்டுவதும் தவறு.

மூன்று, சட்டத்தில் துளை இல்லையானால், உள்ளே ரப்பர் வைத்த வளையக் கிளிப்பைக் குழாயில் மாட்டி அதில் கம்பியைப் பூட்டலாம். நெம்புகோலைத் திருப்பிச் சக்கரத்தைக் கழற்றும் வகைச் சைக்கிளில் அந்த அச்சுக்கடியில் கம்பியைச் செருகக் கூடாது. சக்கரத்தின் பிடியே தளர்ந்துவிடும்.

நான்கு, கம்பியின் மிச்ச நீளத்தை வெட்டி, முனைக்கு ரப்பர் மூடி இட வேண்டும். கூரான முனை காலையும் கிழிக்கும், பாவாடையையும் கிழிக்கும்.

இறுக்கியும் தளர்வது ஏன்?

"நன்றாகத்தானே இறுக்கினோம், எப்படித் தளர்ந்தது?" என்று நாம் வியக்கிறோம். 1969-ஆம் ஆண்டு ஜெர்மானியப் பொறியாளர் கெர்ஹார்ட் யுங்கர் இதற்கு விடை தந்தார். போல்ட்டின் நீளவாக்கில் அசைப்பதைவிட அதற்குக் குறுக்காக அசைக்கும்போதே போல்ட் விரைவில் கழல்கிறது என்று அவர் சோதனையால் காட்டினார். பிணைத்த இரு பகுதிகளும் குறுக்கே நழுவும் ஒவ்வொரு முறையும் மரையின் உராய்வுப் பிடி ஒரு கணம் விடுபடுகிறது. போல்ட் மயிரிழை அளவு திரும்புகிறது. ஆயிரம் குலுக்கலில் அது கழன்றே போகிறது.

ஆகவே பொருள்கள் நழுவாமல் இருப்பதே முதல் மருந்து. மூன்று இடப் பிடியின் சிறப்பு இதுவே. இரண்டாம் மருந்து, உள்ளே நைலான் வளையம் வைத்த நட்டு. போல்ட் அந்த வளையத்தைக் கடித்துக்கொண்டு ஏறுவதால், தளர்ந்தாலும் கழன்று விழாது. விலையும் சொற்பமே. ஸ்பிரிங் வாஷர் ஒன்றையே நம்பியிருப்பது போதாது. சணலும் ரிப்பனும் மருந்தே அல்ல. மழையில் நனைந்து நெகிழும், அறுந்தால் ஸ்போக்ஸில் சுற்றிக்கொள்ளும்.

தளர்ந்தால் என்ன ஆகும்? சாலையில் கிடக்கும் சுள்ளி ஒன்று டயருக்கும் சாய்ந்த மட்கார்டுக்கும் நடுவே மாட்டுகிறது. மேலே எழும் டயர் சுள்ளியையும் மட்கார்டின் முனையையும் தன்னோடு இழுக்கிறது. கம்பி வளைகிறது, தகடு மடிகிறது, சக்கரம் நின்றுவிடுகிறது. ஈரச் சாலையில் நின்றுபோன பின்சக்கரம் வழுக்கிப் பக்கவாட்டில் செல்லும். பின்னால் பேருந்து வந்துகொண்டிருந்தால்? சிந்தித்துப் பார்ப்போம். எனவே மட்கார்டு தளர்ந்தது கண்டால் உடனே இறுக்குக. இறுக்க வழியில்லையேல் முழுதும் கழற்றிப் பையில் வைத்துக்கொள்க. சேற்றுக் கோட்டைச் சோப்பு போக்கிவிடும்.

மற்றொன்றையும் சொல்ல வேண்டும். மட்கார்டு சேற்றைத் தடுக்குமே அன்றி, துப்பட்டாவைத் தடுக்காது. மோட்டார் சைக்கிளில் பின்னால் அமர்வோரின் ஆடை சக்கரத்தில் சிக்காதபடி, பின்சக்கரத்தின் பாதிக்குக் குறையாமல் மறைப்பு வேண்டும் என்று 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் கூறுகின்றன. சைக்கிளுக்கு அந்த விதி இல்லை. ஆதலால் துப்பட்டாவை இருபுறமும் பின் குத்தியோ, இடுப்பில் முடிந்தோ ஏறுவது நம் பொறுப்பு.

மூன்று சோதனைகள்

பொருத்தி முடித்தபின் மூன்று சோதனைகள் செய்க. பின்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டுக் காதைக் கொடுத்துக் கேட்க; உரசும் ஒலி கூடாது. மட்கார்டின் பின்முனையைப் பிடித்து இடமும் வலமும் அசைக்க. தகடு சற்று நெகிழலாம், பிடிகள் நகரக் கூடாது. பின்சக்கரத்தை ஒரு சாண் உயரம் தூக்கிக் கீழே விடுக. 'டக்' என்று டயரின் ஒலி மட்டும் கேட்டால் தேர்ச்சி, 'கடகட' என்றால் தோல்வி.

புதிதாகப் பொருத்திய மட்கார்டை ஒரு வாரம் ஓட்டியபின் கட்டாயம் மறுபடியும் இறுக்க வேண்டும். அதன்பின் மழைக்காலம் முழுதும் சனிக்கிழமைதோறும் உட்புறச் சேற்றைக் குச்சியால் சுரண்டிக் கழுவி, போல்ட்டுகளைத் தொட்டுப் பார்த்தால் போதும். ஐந்து நிமிட வேலை.

நம் கையில் ஸ்பானர்

இவ்வேலையை அண்ணனோ அப்பாவோ சைக்கிள் கடைக்காரரோ செய்வார்கள் என்று நாம் காத்திருக்க வேண்டியதில்லை. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின்வழி எழுத்தறிவோடு சைக்கிள் ஓட்டவும் ஆயிரக்கணக்கான பெண்கள் கற்றனர். வயல் வேலைக்கும் குவாரி வேலைக்கும் சென்றுவந்த தாய்மார் பிறர் துணையின்றித் தாமே சென்றுவரத் தொடங்கினர். ஓட்டத் தெரிந்த கைக்கு இறுக்கவும் தெரிந்துவிட்டால் அந்த விடுதலை முழுமை பெறும்.

எனவே பெற்றோரிடமும் அருட்சகோதரியரிடமும் எங்கள் பணிவான வேண்டுகோள் ஒன்று உண்டு. நம் சைக்கிள் கொட்டகையில் ஒரு சிறு பெட்டி வைத்து, அதில் ஆலன் சாவிகள், 8 மில்லிமீட்டர் ஸ்பானர், நைலான் நட்டுகள் சில, கிரீஸ் டப்பா ஒன்று ஆகியவற்றை இட்டுத் தாருங்கள். மேல்வகுப்பு மாணவியராகிய நாங்கள் கீழ்வகுப்புத் தங்கையருக்கு இறுக்கும் முறையைக் கற்றுத்தர ஆயத்தமாக இருக்கிறோம். வரும் மழைக்கு முன்னே நம் பள்ளிச் சைக்கிள்கள் யாவும் மூன்று இடத்திலும் உறுதியாகப் பூட்டப்பட்டிருக்கட்டும்!